பெருமாள் உள்ளில் குடியிருந்த காட்டு மண்

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்குச் சுத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. இது பெருமை இல்லை, ஒரு வியாதி. எங்கள் வீட்டில் கொடியில் உலர்த்திய புடவையை யார் தொடலாம் என்று ஒரு சட்டம், யார் கொம்பால் மட்டும் எடுக்கலாம் என்று ஒரு சட்டம், தெரியாமல் தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு உபசட்டம் உண்டு. இத்தனை சட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த ஒருத்தி, சுத்தமான இடம் எது என்று தீர்மானிப்பதில் மட்டும் தப்பே பண்ண மாட்டாள் என்று நான் மனதார நம்பினேன். அப்படி நம்பிய காலத்தில் நான் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவமானம் இரட்டிப்பானதற்கு அதுதான் காரணம்.

காற்று மாசு, காட்டு மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களை என்ன செய்கிறது என்பது என் ஆராய்ச்சி. கேட்கப் பெரிதாக இருக்கும், விஷயம் எளிது. காட்டில் ஒரு பிடி மண்ணை அள்ளினால் அதில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒரு ஊரே குடியிருக்கும். விழுந்த இலையை மக்கவைத்து மரத்துக்கே திரும்பச் சாப்பாடாகப் போடுவது அவைதான். எங்கோ கிளம்பும் வண்டிப் புகையும் ஆலைப் புகையும் காற்றோடு போய், தூசியாகவும் மழையாகவும் அந்தக் காட்டில் இறங்குகின்றன. மண் மெல்ல அமிலமாகிறது. வேரோடு ஒட்டி மரத்துக்கு ஊட்டிவிடும் பூஞ்சைகள் குறைகின்றன. இலை மக்குவது தாமதமாகிறது, மரம் நின்ற இடத்திலேயே அரைப்பட்டினி கிடக்கிறது. மேலே இருந்து பார்க்கிறவர்களுக்குக் காடு பச்சையாகத்தான் தெரியும்.

மண் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, அது மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஜாடியில் மண்ணைப் போட்டு இறுக மூடி, உள்ளே இருக்கும் உயிர்கள் வெளிவிடும் கரியமில வாயுவை அளப்போம். (ஆமாம், மண் மூச்சு விடும். இதை முதன்முதலில் சொன்ன அன்று அம்மா என் நெற்றியைத் தொட்டு ஜுரமா என்று பார்த்தாள்.) பிறகு அவளே சமாதானமாகி, எதிர்வீட்டு மாமி கேட்டால் "எங்காத்துப் பொண்ணு மண்ணுக்கு டாக்டர்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த மாமி தன் வீட்டு ரோஜாச் செடியைக் கொண்டுவந்து காட்டினாள். எனக்கு வைத்தியம் தெரியாது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக் கமிட்டி முன்னால் நின்று, செய்த வேலையைக் காட்ட வேண்டும். போன முறை நான் காட்டியது, மின்சாரம் போய் ஃப்ரிட்ஜில் அழுகிப்போன மண் மாதிரிகளின் படத்தை. கமிட்டியில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். படத்தைப் பார்த்து எதற்கு மூக்கைப் பொத்தினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அடுத்த முறையும் முடிவு எதுவும் காட்டாவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தப் படிப்பு வேண்டும். வாழ்க்கையில் வேறு எதுவும் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்ததில்லை.

அதனால் இந்த முறை திட்டம் அசைக்க முடியாததாக இருந்தது. வனத்துறை அனுமதியோடு பச்சைமலைக் காட்டின் உட்புறத்திலிருந்து மண் எடுத்து வந்தேன். கண்ணாடி ஜாடிகளில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டினேன். பாதி ஜாடிகளுக்குச் சிவப்பு நூல், பாதிக்குப் பச்சை நூல். சிவப்பு நூல் ஜாடிகள் மூன்று மாதம் அழுக்குக் காற்றில் இருக்க வேண்டும், பச்சை நூல் ஜாடிகள் சுத்தமான காற்றில். அதன் பிறகு எந்த மண் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்தால் கதை முடிந்தது.

அழுக்குக் காற்றுக்குத் திருச்சியில் பஞ்சமில்லை. அம்மாவின் தம்பி சம்பத் மாமா அரியமங்கலத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். வாசலில் நாளெல்லாம் லாரி. பட்டறை ஷட்டருக்கு வெளியே இருந்த மேடையில் சிவப்பு ஜாடிகளை வரிசையாக வைத்து, பின்னால் ஒரு லாரி புகை விட்டுக்கொண்டு போகும் நேரம் பார்த்துப் போட்டோ எடுத்தேன். தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும் என்று மாமாவிடம் சொன்னேன். நான் தெளித்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் போய்ப் படி என்றார். அவர் பேச்சை நம்பி, ஸ்ரீரங்கத்திலிருந்து அரியமங்கலத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் வரும் கஷ்டத்தை நினைத்து, மூன்று மாதமும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சுத்தமான காற்றுக்குத்தான் சிக்கல். எங்கள் ஆய்வுக்கூட ஜன்னலுக்கு வெளியே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலைமேல் வனத்துறை அலுவலகத்தில் வைக்கலாமே என்றார் என் கைடு மேடம். அதற்குத் தனியாக அனுமதி வாங்க நாளாகும், எங்கள் வீட்டிலேயே சுத்தமான இடம் இருக்கிறது என்றேன். மேடம் விடைத்தாள் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், ஸ்ரீரங்கம், ஆற்றங்கரை, காற்று நன்றாகத்தான் இருக்கும் என்றார். மொட்டைமாடியில் வைப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். நான் நினைத்தது பெருமாள் உள்.

பெருமாள் உள் என்பது எங்கள் வீட்டுப் பூஜை அறை. குளிக்காமல் யாரும் அதற்குள் காலெடுத்து வைக்க முடியாது. அப்பாவே ஒரு முறை மறந்துபோய்ச் செய்தித்தாளோடு நுழைந்து வெளியேற்றப்பட்டிருக்கிறார். குரங்கு வந்து வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அதன் ஒரே ஜன்னலை வருஷக்கணக்கில் சாத்தியே வைத்திருந்தோம். தெருத்தூசி கூட உள்ளே வர முடியாது. உலகத்தில் இதைவிடச் சுத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. "யார் யார் மிதிச்ச மண்ணோ, அதைக் கொண்டுபோய்ப் பெருமாள் பக்கத்துல வெக்கச் சொல்றயே" என்று இருமலோடு இழுத்தாள். மனிதக் கால் படாத இடத்தில் எடுத்தது என்று நான் சத்தியம் செய்தேன். (நான் நின்றுதான் எடுத்தேன். அதைச் சொல்லவில்லை.) படிப்பே இதில்தான் நிற்கிறது என்றதும் இளகினாள். கோயிலாழ்வாருக்கு, அதாவது பெருமாள் எழுந்தருளியிருக்கும் மர மண்டபத்துக்கு, வலது பக்கத்தில் ஒரு மணை போட்டு ஜாடிகளை வைக்க இடம் கொடுத்தாள்.

அதன் பிறகு நான் காட்டிய கண்டிப்பு அசாதாரணமானது. குளித்துவிட்டுத்தான் போய்த் தண்ணீர் தெளிப்பேன், அதுவும் காய்ச்சி வடிகட்டிய தண்ணீர். மண்ணுக்கு ஒரு உத்தரணிக் கரண்டி தீர்த்தம் விட்டால் புண்ணியம்தானே என்று அம்மா கேட்டபோது ஒரேயடியாக மறுத்தேன். தீர்த்தத்தில் துளசியும் பச்சைக் கற்பூரமும் இருக்கிறது, ஒரு சொட்டு விழுந்தாலும் நுண்ணுயிர்களின் கணக்கு மாறிவிடும், விஞ்ஞானத்தில் சமரசமே கிடையாது என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அம்மா பயந்துபோய்த் தீர்த்தப் பாத்திரத்தையே ஜாடிகளுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மூன்று மாதம் முடிந்ததும் மாமா சிவப்பு ஜாடிகளை ஒரு பையில் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வகையையும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் அளந்தேன். லாரிப் புகையில் கிடந்த சிவப்பு ஜாடி மண் ஆனந்தமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பெருமாள் உள்ளில் இருந்த பச்சை ஜாடி மண்ணுக்கு மூச்சே சரியாக வரவில்லை. மறுபடி அளந்தேன். நூல் மாறிவிட்டதா என்று பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

புத்தியுள்ளவள் இந்த இடத்தில் நின்று, ஜாடிகள் எங்கே எப்படி இருந்தன என்று விசாரித்திருப்பாள். நான் ஒரு கொள்கையை உருவாக்கினேன். வாகனப் புகையில் நைட்ரஜன் இருக்கிறது, நைட்ரஜன் உரம், ஆகவே அரியமங்கலத்து லாரிகள் பச்சைமலையின் மண்ணுக்கு உரமிடுகின்றன. (இதில் கால்வாசி உண்மை உண்டு. ஆரம்பத்தில் மண்ணுக்கு அந்த உரம் கொஞ்சம் தெம்பு கொடுக்கலாம், கெடுதல் அப்புறம் வரும். மீதி முக்கால்வாசி என் சொந்தச் சரக்கு.) எதற்கும் ஒரு முறை யோசித்துப் பார் என்றார் மேடம். உலகம் புதிய உண்மைகளை உடனே ஏற்றுக்கொண்டதில்லை என்று மனதுக்குள் அவரை மன்னித்தேன்.

கமிட்டி கூடியது ஒரு வியாழக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். காற்று மாசில் பெரிய ஆள், பேச்சு குறைவு. நான் லாரிப் புகைப் போட்டோவைக் காட்டினேன், வரைபடம் காட்டினேன், கொள்கையைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, பச்சை நூல் ஜாடிகள் எங்கே இருந்தன என்றார். மிகவும் சுத்தமான இடத்தில் என்றேன். எவ்வளவு சுத்தம் என்றார்.

"குளிக்காம யாரும் உள்ளயே போக முடியாது சார்."

மேடம் மேஜையைப் பார்க்க ஆரம்பித்தார். பேராசிரியர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து குளிச்சிட்டு வருமாம்மா?"

நான் ஜன்னல், குரங்கு, வாழைப்பழம் என்று விளக்கத் தொடங்கியதும் அறையில் யாரோ செருமினார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மறுநாள் காலையில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போவதாக இருக்கிறேன், அப்படியே உங்கள் வீட்டையும் அந்தப் பட்டறையையும் பார்த்துவிடுகிறேன், பதிவைப் பற்றி அதற்கப்புறம் முடிவு செய்யலாம் என்றார்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். நாளைக்குப் பெரிய பேராசிரியர் வருகிறார், பெருமாள் உள்ளைப் பார்க்கப் போகிறார், என் படிப்பே அவர் கையில் இருக்கிறது, எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றேன். நீ கவலையே படாதே என்றாள் அம்மா. நானும் கவலைப்படவில்லை.

மறுநாள் பேராசிரியரும் மேடமும் காரில் வந்து இறங்கினார்கள். அவர் கையில் போன் அளவுக்கு ஒரு கருவி இருந்தது. காற்றில் இருக்கும் நுண்தூசியை அளப்பது. ராஜகோபுரத்துக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்திலேயே ஒரு முறை அளந்து பார்த்துவிட்டாராம். அதோடு எங்கள் வாசற்படி ஏறினார். எனக்கு உள்ளே வீடு தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை. அம்மா தூபக்காலில் தேங்காய்த் தொட்டியைக் கனல வைத்து, குங்கிலியமும் சாம்பிராணியும் தாராளமாகப் போட்டு, கூடம் முழுக்கக் காட்டி முடித்துப் பெருமாள் உள்ளுக்கு வந்திருந்தாள். பெரிய மனிதர் வருகிறார் என்று வழக்கத்தைவிட அதிகம். வெண்மையான புகைக்கு நடுவிலிருந்து "வாங்கோ வாங்கோ" என்று அவள் குரலும், அதைத் தொடர்ந்து இருமலும் வந்தன. பெருமாளைச் சேவிக்க முடியவில்லை, கோயிலாழ்வாரின் கதவு கூட மங்கலாகத்தான் தெரிந்தது.

நான் பிறந்ததிலிருந்து பார்த்து வரும் காட்சி இது. ஒரு நாள் கூட எனக்கு அது புகையாகத் தோன்றியதில்லை. புகை என்றால் லாரி விடுவது. இது சாம்பிராணி. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்குக் காட்டுவது, குழந்தையைக் குளிப்பாட்டியதும் காட்டுவது, வீட்டுக்கு நல்லது. கல்லூரியில் புகையில் என்னென்ன இருக்கும் என்று பரீட்சை எழுதி முதல் மார்க் வாங்கியவள் நான்.

பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு, குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்று அம்மாவிடம் பணிவாகச் சொல்லி, பெருமாள் உள் வாசலில் கருவியை நீட்டினார். திருச்சி ஆட்டோவில் மீட்டர் ஓடி நான் பார்த்ததில்லை. ஓடினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எண் ஏறியது, ஏறியது, கடைசியில் அந்தக் கருவி எண்ணைக் காட்டுவதையே நிறுத்திவிட்டுச் சிவப்பாக மின்னியது.

அவர் அம்மாவிடம், வெள்ளிக்கிழமை தோறும் இப்படிக் காட்டுவீர்களா என்று கேட்டார்.

"முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டுந்தான். கொழந்தையோட மண்ணு வந்ததுலேர்ந்து நாள் கெழமை பாக்கறதில்லை, தெனமும் காட்டிண்டிருந்தேன். அவ காலேஜ் போனப்பறம், ஒவ்வொரு ஜாடிகிட்டயும் தனித்தனியா."

"ஜாடிக்கு எதுக்கும்மா?"

"காட்டுலேர்ந்து வந்த மண்ணாச்சே. எந்தக் காத்து கருப்பு பட்டுதோ என்னமோ. அவ படிப்பு நல்லபடியா முடியணுமோல்லியோ. தீர்த்தம் விடப்படாதுன்னா, விடலை. சாம்பிராணியை அவ ஒண்ணும் சொல்லலையே."

சொல்லவில்லைதான். நான் சுவரோடு சுவராக நின்றேன். பேராசிரியர் அம்மா கொடுத்த காபியை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, இந்த இருமல் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். அது வருஷக்கணக்காக இருக்கிறது, கொள்ளிடக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அம்மா. அந்தக் கேள்வி எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை. என் பதிவு ரத்தாவதைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து அரியமங்கலம். அழுக்குக் காற்றாவது அழுக்காக இருக்கும், பாதிப் பரிசோதனையாவது பிழைக்கும் என்று நான் வேண்டிக்கொண்டே வந்தேன். ஷட்டருக்கு வெளியே நான் போட்டோ எடுத்த மேடையைக் காட்டி, ஜாடிகள் இங்கேதான் இருந்தன என்று பேராசிரியரிடம் சொன்னேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இங்க எங்க இருந்துது? நீ அன்னிக்குப் போனதும் அடுத்த நிமிஷம் உள்ள எடுத்து வெச்சுட்டேன். நீ படிக்கற படிப்புக்கு, அந்த ஜாடி தெருப்புழுதில கெடக்கறதாவது."

மாமா எங்களை உள்ளே அழைத்துப்போனார். கடைந்து முடித்த உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்க்கும் அறை ஒன்று அங்கே இருந்தது. தூசி ஒட்டினால் அளவு தப்பிவிடும், பெரிய கம்பெனி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும் என்று, வடிகட்டி வைத்த ஏசி போட்டு, இரட்டைக் கதவு வைத்துக் கட்டிய அறை. அலமாரியில் ஒரு தட்டை இன்னும் காலியாகவே வைத்திருந்தார். மூன்று மாதமும் நானே என் கையால் தண்ணீர் தெளித்தேன், வேலையாட்களைத் தொட விடவில்லை என்று பெருமையாகச் சொன்னார். பேராசிரியர் கருவியை நீட்டினார். அது பச்சையாக மின்னியது.

அவர் மாமாவின் முக்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மேடம் அடக்கிப் பார்த்து முடியாமல் அவரும் சிரித்தார். என்ன ஏது என்று தெரியாத மாமாவும் மரியாதைக்காகச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, மூன்று பேருக்கும் முதுகைக் காட்டி நின்று அழுதேன்.

"உங்க மண்ணு பொய் சொல்லலம்மா" என்றார் பேராசிரியர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்ல காத்துல இருந்தது நல்லா மூச்சு விட்டிருக்கு, புகையில இருந்தது திணறியிருக்கு. நீங்கதான் எது புகைன்னு பாக்கல."

இதை ஆய்வேட்டில் எழுத முடியாது, சாம்பிராணியைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்கு ஆறு மாதம் தரச் சொல்லிப் பரிந்துரைக்கிறேன் என்றார். இனிமேல் ஜாடிகளைப் பாசமுள்ளவர்கள் யாரிடமும் கொடுக்காதீர்கள் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

அன்று சாயங்காலம் அம்மா, தன் சாம்பிராணியால் படிப்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, பிழைத்துவிட்டது என்றேன். அந்த மெஷின் என்னதான் சொன்னது என்றாள். பஸ் நிற்கும் இடத்தைவிடப் பெருமாள் உள் காற்று மோசம் என்று சொன்னது என்றேன். அவள் பெருமாள் உள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா பெருமாள் இதைத்தான் சுவாசிச்சுண்டு இருந்தாரா?"

மறுநாளே கொத்தனாரை வரவழைத்து, பெருமாள் உள் ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்து, கதவைத் திறந்துவைத்தாள். தூபக்கால் கொல்லைப்புறத் திறந்தவெளிக்குப் போனது. அங்கே வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டு, அணைந்த பிறகு வாசனையை மட்டும் உள்ளே காட்டுவாள். நான் அடுத்த பரிசோதனைக்குப் பச்சை ஜாடிகளை மலைமேல் வனத்துறை அலுவலகத்தில் வைத்தேன். சிவப்பு ஜாடிகளைத் தஞ்சாவூர் ரோட்டு ஓரமாகத் திருவெறும்பூரில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சுவரில் வைத்து, நானே பஸ் ஏறிப் போய் நானே தண்ணீர் தெளித்தேன். இந்த முறை சிவப்பு ஜாடி மண் திணறியது. யாரும் ஆச்சரியப்படவில்லை.

அந்த நாட்களில் ஒரு காலை, காபி குடித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் என்னவோ குறைகிறது என்று பட்டது. குக்கர் விசில் கேட்டது, தெருவில் பூக்காரர் குரல் கேட்டது. எல்லாம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அம்மா இருமவில்லை. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இப்போதும் வேடிக்கையாகச் சொல்ல வரவில்லை.

ஆனால் அம்மாவுக்கு வரும். பட்டம் வாங்கிய அன்று வீட்டுக்கு வந்தவர்களிடம் தொடங்கி, நேற்று வந்த கேஸ் அடுப்பு மெக்கானிக் வரை எல்லாரிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டாள். சாம்பிராணி, மெஷின், மாமாவின் ஏசி ரூம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக் கடைசியில் என் பக்கம் திரும்புவாள்.

"மண்ணுக்கு மூச்சு முட்டறதுன்னு ஜாடியை மூடி மூடிப் பாத்தா. பக்கத்துலயே நான் லொக்கு லொக்குன்னு நின்னுண்டிருந்தேன்."

சம்பத் மாமா இருந்தால் முடிவு வரி அவருடையது. "அக்கா, நீ ஜாடிக்குள்ள இல்லையே" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், அம்மா எல்லாரையும்விட அதிகமாக. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன், போகிற வழியில் பெருமாள் உள் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வேன்.